ஓரத்து போல்ட்டை முறுக்கியது யார்?

நம்பாதவர்கள் வாயாடியிடமே நேரில் போய்க் கேட்டுக்கொள்ளலாம். திட்டு வாங்கத் தெம்பிருந்தால் போதும். நடந்ததோடு ஒரு போல்ட் கூட நான் சேர்க்கவில்லை.

கார் பட்டறையின் ஒரே பெண் மெக்கானிக் அவள்; வாயாடி என்பது அங்கே அவளுக்கு வைத்த பெயர். முதலாளி, பெயர்ப்பலகையில் ‘எஞ்சின் டாக்டர்’ என்று தனக்குத்தானே பட்டம் கொடுத்துக்கொண்டவர். எந்த எஞ்சினும் இதுவரை ஆட்சேபிக்கவில்லை. அன்று அவளுக்கு முதல் தனி வேலை. ஒரு காருக்குப் புது ஆயில் சேம்பர், அதாவது எஞ்சினின் அடிவயிற்றில் எண்ணெய் தேங்கும் தட்டு, மாட்ட வேண்டும். ஒரு சொட்டு கசிந்தாலும் நாளையிலிருந்து நீ வண்டி கழுவத்தான் என்று முதலாளி சொல்லிவிட்டு, மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு சாப்பிடப் போனார். வண்டியைக் கடைசி மூலையில் ஏற்றச் சொன்னதும் அவர்தான்.

பட்டப்பகல். ஸ்டாண்டில் நின்ற வண்டிக்கு அடியில் படுத்தாள். கசியாமலிருக்கப் பேஸ்ட் தடவிய தட்டைப் பொருத்தி, எல்லா போல்ட்டையும் விரலால் லேசாக ஏற்றினாள். ஸ்பானரை எடுத்துக்கொண்டு திரும்பினால்...

மூலை போல்ட் இறுகியிருந்தது.

நாம்தான் ஞாபகமில்லாமல் முறுக்கித் தொலைத்தோமோ? தளர்த்தினாள்.

கிர்ர்... டக்.

பக்கத்து போல்ட். அவள் கண்ணெதிரே தானாகச் சுற்றியது.

அப்புறம் அதற்கடுத்தது.

கழுத்தில் சில்லென்று ஒரு மூச்சு...

ஓடியிருக்கலாம். ஓடினால் தட்டு கோணும், எண்ணெய் ஒழுகும், நாளைக்குக் கையில் தண்ணீர்க் குழாய். பயத்தை முந்திக்கொண்டு அவளுக்குக் கோபம் வந்தது.

“யாரா இருந்தாலும் கைய எடுங்க. ஓரத்துலேர்ந்து இறுக்கினா தட்டு கோணிக்கும். நடுவுலேர்ந்து மாத்தி மாத்தி வரணும். செத்த பிறகும் தப்பாவே வேலை செய்வீங்களா?”

கிர்ர்... கிர்ர்...

பிறகு... இறுகியவை ஒவ்வொன்றாகத் தளர்ந்தன.

மாலையில் எண்ணெய் ஊற்றி எஞ்சினை ஓடவிட்டார்கள். அடியில் விரித்த அட்டையில் ஒரு சொட்டு இல்லை. டாக்டர் குப்புறப் படுத்தே தேடிப்பார்த்தார். அவள் நடந்ததைச் சொன்னாள். அவர் முகத்தில் ஈயாடவில்லை. அந்த மூலையில்தான் அவருடைய அண்ணன் இதே வேலை செய்யும்போது, வண்டியைத் தூக்கி நிறுத்தியிருந்த ஜாக்கி இறங்கி, வண்டி நசுக்கிச் செத்தாராம். ஓரத்திலிருந்து முறுக்குவதுதான் அந்த அண்ணனின் வழக்கமாம். அதற்குப் பிறகு அங்கே படுத்தவர்களில் ஒருவரும் வேலையை முடித்ததில்லையாம்.

மற்றவர்கள் போகும்வரை காத்திருந்து, கிட்டே வந்தார்.

“அண்ணன்... ஜாக்கி எப்படி இறங்குச்சுன்னு ஏதாவது சொன்னாரா?”

அவள் வாயாடிதான். ஆனால் அதற்கு மட்டும் பதில் சொல்லவில்லை.

மறுநாளும் அதே மூலையில் படுத்தாள். வண்டி கழுவப் போ என்று சொல்ல முதலாளிக்கு இன்றுவரை வாய் வரவில்லை.