எல்லோரும் விழுங்கிய மாத்திரை

கரும்பு வெட்டப் போகும் இடத்திலெல்லாம் எங்கள் மேஸ்திரியின் சட்டைப்பையில் பீடிக்கட்டோடு ஒரு மாத்திரை அட்டையும் இருக்கும். ரத்தக்கொதிப்புக்காக நர்சம்மா மாதாமாதம் அவருக்குக் கொடுத்தது. வெயில் தாங்காமல் யாராவது தலையைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தால், மேஸ்திரி அட்டையைக் கிழித்து ஒன்றை நீட்டுவார். "தல சுத்துதா? இத்த முழுங்கு, சரியாப்பூடும்." எப்போதோ அவருக்கு வந்த கிறுகிறுப்பு அந்த மாத்திரையில் நின்றிருந்தது. ஆகவே அது தலைசுற்றல் மாத்திரை. மாதம் பாதியாகும் முன்பே அட்டை காலியாகிவிடும். கேட்டால், "எனக்குத்தான் இப்ப சுத்தலியே" என்பார். கொதிப்பு சொல்லிவிட்டு வரும் நோயல்ல என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. வெயிலில் சுருண்டவனுக்கு வேண்டியிருந்தது நிழலும் உப்புப் போட்ட கஞ்சியும்தான்.

நான் எட்டாவதோடு படிப்பை விட்டவன். ஓட்டல், லாரி, கிணற்று வேலை என்று ஓரிடத்தில் நிற்காமல் திரிந்து, மலைமேல் கரியாலூரில் கடுக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது அவருடைய கூட்டத்தில் சேர்ந்தேன். மலை ஆட்களும் கீழ்நாட்டு ஆட்களும் கலந்த கூட்டம். வெட்டும் கரும்புக் கொல்லைக்குப் பக்கத்திலேயே கூரை போட்டுத் தங்கி, வெட்டு முடிந்ததும் பாத்திரம் பண்டத்தோடு அடுத்த ஊர். மேஸ்திரிக்கு ஒரு காது சுத்தமாகக் கேட்காது, மற்றொன்றும் மந்தம். "கூலி ஜாஸ்தி கேட்டா மட்டும் ரெண்டு காதும் அடச்சிக்கும்" என்று பெண்கள் கிண்டல் செய்வார்கள். முதலில் அவரும் சேர்ந்து சிரித்தார். பிறகு, என்ன சொன்னார்கள் என்று தெரியாமலேயே சிரித்தார். பிறகு சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு தனியாகப் போய் உட்கார ஆரம்பித்தார். பெரிய மனுஷன் அப்படித்தான் இருப்பார் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. முதல் கரும்பை மேஸ்திரிதான் வெட்ட வேண்டும். அவர் கத்தி இறங்கிய பிறகு யாரும் வாய் திறக்கக் கூடாது, திறந்தால் அந்த வெட்டு விளங்காது என்பார்கள். ஒருநாள் காலையில் அவர் நேராகப் பக்கத்துக் கொல்லைக்குள் இறங்கிக் கத்தியைப் போட்டார். இடுப்பைத் தாண்டி அப்போதுதான் வளர்ந்து வந்த இளங்கரும்பு. அது வெட்டுக்கு ஆகாது என்று பார்த்த எவனுக்கும் தெரியும். "மேஸ்திரி வெட்டிட்டாரு, எறங்குங்க" என்று ஒருவன் சொல்ல, எல்லோரும் இறங்கினார்கள். வெயில் ஏறுவதற்குள் ஒரு மூலை மொட்டையாகிவிட்டது.

கொல்லைக்காரர் ஓடிவந்து மேஸ்திரியின் சட்டையைப் பிடித்தார். "யார்ரா ஒங்கள இங்க வெட்டச் சொன்னது?" மேஸ்திரி அவரைப் பார்க்கவில்லை. திரும்பி எங்களைப் பார்த்தார். "இன்னாடா, இது நம்ம கொல்ல இல்லியா?" வருஷா வருஷம் அவர் வெட்டிய ஊர் அது. அதோடு அவர் மேஸ்திரிப் பட்டம் போயிற்று.

அவர் சம்சாரத்தை நாங்கள் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். அக்காவோடு நானும் அவரைக் கூட்டிக்கொண்டு கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போனேன். படம் எடுத்துப் பார்த்த டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "மூளைக்குப் போற சின்னச் சின்ன ரத்தக்குழாய் அடைச்சிருக்கு. கொதிப்பக் கவனிக்காம விட்டதுதான். போனது திரும்பாது. இருக்கறத கொஞ்ச காலம் காப்பாத்தலாம். மாத்திரைய இவரு மட்டும் சாப்பிடணும். காதுக்கு மிஷின் வெக்கணும். நடக்க வெய்யுங்க, நாலு பேரோட பேச வெய்யுங்க, கைக்கு வேல குடுங்க. ஒரு மூலையில உக்கார வெச்சிடாதீங்க."

அக்கா எழுதப் படிக்கத் தெரியாதவர். டாக்டர் சொன்னதில் ஒன்றையும் விடவில்லை. மாத்திரையை வாயில் போட்டு, விழுங்கும் வரை எதிரிலேயே நிற்பார். காலையில் பஸ் நிறுத்தம் வரை நடத்திப் போவார். மத்தியானம் தெருப் பெண்கள் வேர்க்கடலை உரிக்கும் இடத்தில் அவரையும் உட்கார வைப்பார். மிஷின் மாட்டிய பிறகு அவர்கள் கிண்டலுக்கு மேஸ்திரி பதில் சொல்லத் தொடங்கினார். நான் ஒருமுறை போனபோது, "கடுக்கா பொறுக்கனவன்தான நீ, இன்னும் ஊர் சுத்திகினுதான் கீறியா?" என்று கேட்டார். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார்.

அதற்குப் பிறகு நான் கேரளப் பக்கம் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தபோது திருக்கோவிலூரில் கடை வைத்த அவர் மகன் பழைய வீட்டை இடித்து மாடி கட்டியிருந்தான். மேஸ்திரி வெள்ளை வேட்டியில், ஓடிக்கொண்டிருந்த டிவிக்கு முன் உட்கார்ந்திருந்தார். காதில் மிஷின் இல்லை. மகனிடம் கேட்டேன்.

"எம்பொண்ணப் பாக்க மாப்ள வூட்டுக்காரங்க வர்றாங்க. செவுட்டு மிஷினோட உக்காந்தா குடும்பத்தப் பத்தி இன்னா நெனப்பாங்க? பீரோல பத்தரமா வெச்சிருக்கேன். பொம்பளைங்களோட மல்லாட்ட உரிச்சிகினு இருந்தாரு, அதையும் நிறுத்திட்டேன். இவ்ளோ நாள் ஒழச்சது போதும்ணே. எங்கப்பன ராஜா மாரி வெச்சிகினு கீறேன்" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. வேட்டியில் ஒரு கறை இல்லை.

மேஸ்திரி என்னைப் பார்த்தார். கூட்டத்தில் யாரோ ஒருவனைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். டீ கொண்டுவந்த அக்காவிடம், எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"மாத்திர மட்டும் உடாம குடுக்கறேன் தம்பி. அத மட்டும்தான் எங்கிட்ட உட்டு வெச்சிருக்கான்" என்றார். பிறகு மகன் காதில் விழாதபடி சொன்னார்: "போன பொங்கல் வரிக்கும் எம்பேரு சொல்லிக் கூப்புட்டாரு. இப்ப, நீங்க யாரு வூட்டம்மான்னு மரியாதையா கேக்கறாரு."