முந்நூற்றுப் பன்னிரண்டு தட்டுகள்

கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, துவாலையில் துடைத்து, அந்தத் துவாலையையும் ஒரு முறை முகர்ந்து பார்க்கிறார் சின்னப்பா. எண்ணெய் வாடை இல்லை என்று உறுதிப்பட்ட பிறகுதான் கால்சட்டைப் பையிலிருந்து சாவி வெளியே வருகிறது. திறக்குமுன் பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்க்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை அவரே பூட்டிய பூட்டுத்தான். ஆனாலும் அது எந்தப் பக்கம் சாய்ந்து தொங்க வேண்டும் என்பதில் அவருக்கு ஒரு தீர்மானம் உண்டு. மாதா கோயிலில் இரண்டாம் பூசை முடிந்து வந்தவர் இன்னும் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

அலமாரி தேக்கு. எறும்பு ஏறாதிருக்க நான்கு கால்களும் தண்ணீர்க் கிண்ணங்களில் நிற்கின்றன. ஓதம் தாக்காதிருக்கச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கிறது. ஜன்னலுக்கு முதுகைக் காட்டுகிறது. அரக்குத் தட்டில் வெயில் பட்டால் அப்பளமாக நெளிந்துவிடும். உள்ளே முந்நூற்றுப் பன்னிரண்டு கிராமபோன் தட்டுகள், ஒன்றன்மேல் ஒன்றாக இல்லாமல், புத்தகங்களைப் போல நிமிர்ந்து நிற்கின்றன. பன்னிரண்டு தட்டுக்கு ஒரு பலகைத் தடுப்பு. ஒவ்வொரு தட்டுக்கும் மில் துணியில் தைத்த உறை, உறையின் மூலையில் சிவப்பு மையில் நம்பர். ஒவ்வொரு அறையிலும் ஓர் அட்டை தொங்குகிறது. எந்தத் தட்டு எந்தத் தேதியில் வெளியே வந்தது, எப்போது உள்ளே போனது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. அடித்தட்டில் ஒரு கொட்டாங்கச்சி நிறையச் சுண்ணாம்புக்கல். பெங்களூர் மழையில் பாடகர்களுக்குப் பூஞ்சை பிடித்துவிடக் கூடாது அல்லவா?

நகரத்தின் மறுகோடியில் ஒரு பஞ்சாலையில் அவர் ஸ்டோர் கீப்பர். போல்ட்டும் பெல்ட்டும் பாபினும் அவர் கையெழுத்து இல்லாமல் அசையாது. முதலில் வந்த சரக்கு முதலில் வெளியே போக வேண்டும் என்பது அங்கே சட்டம். அந்தச் சட்டத்தை அப்படியே லிங்கராஜபுரத்துக்கு சைக்கிளில் கொண்டுவந்து வீட்டு அலமாரிக்குள் வைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை தோறும் இரண்டு தட்டுகள், நான்கு பக்கங்கள், நம்பர் வரிசைப்படி. பிடித்த பாட்டு, பிடிக்காத பாட்டு என்ற பேச்சே கிடையாது. ஒரு தட்டு பாடிவிட்டு உறைக்குள் போனால் அதன் முறை மறுபடி வர மூன்று வருஷம் ஆகும். ஒரு முறை நான் நாக்கை அடக்காமல், நல்ல பாட்டாக இருக்கிறதே, இன்னொரு தரம் வைக்கலாமே என்று கேட்டுவிட்டேன். "ஒரே ரெக்கார்ட தேச்சா மத்ததெல்லாம் சும்மா துருப்பிடிக்கும் சார்," என்றார். அரக்கு எப்படித் துருப்பிடிக்கும் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. நான் அவர் வீட்டுப் பக்கவாட்டு அறையில் குடியிருப்பவன்.

ஊசிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு பக்கத்துக்கு ஓர் ஊசி. புது ஊசி ஒரு டப்பாவில், தேய்ந்த ஊசி ஒரு டப்பாவில். இரண்டையும் எண்ணிக் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் கிராமபோனை மூடுவார். இவருக்குத் தெரியாமல் யாராவது ஒரு பாட்டைக் கேட்டுவிட்டால் ஊசி காட்டிக்கொடுத்துவிடும் என்பது ஏற்பாடு.

யார் கேட்டுவிடப் போகிறார்கள்? அதுதான் அவருக்கும் தெரியாது. ஆனால் யாரோ இருக்கிறார்கள். பால்காரன் எட்டிப் பார்க்கிறான். தபால்காரன் வாசலில் அரை நிமிஷம் அதிகமாக நிற்கிறான். கிறிஸ்துமஸ் பாட்டுத் தட்டு ஒன்றைப் பங்குச் சாமியார் ஒரு நாளைக்கு இரவல் கேட்டபோது, சின்னப்பா மறுக்கவில்லை. தட்டோடு தானும் போய், பாட்டு முடியும்வரை கிராமபோன் பக்கத்திலேயே நின்று, தட்டோடு திரும்பி வந்தார். சாமியார் கொடுத்த கேக்கைக்கூட இடது கையால்தான் வாங்கினாராம். வலது கை தட்டின் மேல் இருந்திருக்கிறது.

இந்தக் குணத்துக்கு அவரிடம் காரணம் இல்லாமல் இல்லை. மில்லில் வேலை முடிந்து வெளியே வரும் ஒவ்வொருவரையும் கேட்டில் தடவிப் பார்த்துத்தான் அனுப்புவார்கள். ஸ்டோர் கீப்பருக்கும் விலக்குக் கிடையாது. இரண்டு கைகளையும் பக்கவாட்டில் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். காவல்காரர் கோவிந்தப்பா சட்டைப்பை, இடுப்பு, கால் என்று தடவிவிட்டு கன்னடத்தில் "ஹோக்ரி", போங்கள், என்று சொன்ன பிறகே கையை இறக்கலாம். இதை அவர் அவமானமாகச் சொல்ல மாட்டார். "முப்பது வருஷமா கை தூக்கறேன் சார். ஒரு ஆணி கெடச்சிருக்குமா என்கிட்ட?" என்பார்.

அதே முறைப்படி வீட்டு வேலைக்கு வரும் சரசுவும் தினமும் காலையில் போகும்போது தன் கூடையை வாசலில் அவர் முன் நீட்டிக் காட்ட வேண்டும். பழைய சோற்றுக் கிண்ணம், வெற்றிலை, ஒரு கந்தல். சைக்கிளைப் பிடித்தபடி குனிந்து பார்த்துவிட்டு அவர் தலையாட்டுவார். அந்த நேரத்தில் சரசு அவர் முகத்தைப் பார்க்க மாட்டாள். எதிர்வீட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

மனைவி பிரிஜெட்டை மட்டும் அவர் சந்தேகப்பட்டதில்லை. அதற்குக் காரணம் நம்பிக்கையா என்றால், அதுவும் இல்லை. அந்த அம்மாளுக்குப் பாட்டில் ருசியே கிடையாது என்பது அவர் முடிவு. ஞாயிற்றுக்கிழமை நான்கு பக்கமும் பாடி முடியும்வரை அந்த அம்மாள் ஒரு மூலையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருப்பார். முகத்தில் ஒரு மாறுதலும் தெரியாது. "அவளுக்கு மத்தியானத் தூக்கம்தான் சங்கீதம். படுத்தா இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டா," என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்.

எனக்கு வேறு விஷயம் தெரியும். ஒரு பத்திரிகை அச்சகத்தில் புரூஃப் திருத்துகிறவன் நான், மாலையில்தான் வேலை. பகலெல்லாம் அறையில் இருப்பேன். மத்தியானம் இரண்டு மணிக்குச் சரசு மறுபடி வந்து பாத்திரம் தேய்த்துவிட்டு இரண்டே முக்காலுக்குப் போவாள். கேட் கிறீச்சிடும். மூன்று மணிக்குச் சுவருக்கு அந்தப் பக்கம், போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல மெதுவாக, ஒரு பெண் தாலாட்டுப் பாடுவாள். வாரத்தில் நாலு நாளாவது அதே தாலாட்டு. ஒரே ஒரு தரம். பிறகு சத்தம் இருக்காது.

ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தட்டு வைக்குமுன் சுழலும் மேடையின் பச்சைத் துணியைப் பிரஷ்ஷால் தட்டிக்கொண்டிருந்த சின்னப்பா அப்படியே நின்றுவிட்டார். பூதக்கண்ணாடியை எடுத்தார். விரல் நுனியில் எதையோ ஒட்டி எடுத்து என் மூக்குக்கு நேரே நீட்டினார். ஒரு முள்ளின் ஒடிந்த முனை. அது என்ன என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. யுத்த காலத்தில் ஊசி கிடைக்காதபோது வேலமுள்ளைச் செருகிப் பாட்டுக் கேட்டவர்தான் அவரும். எண்ணி வைத்த ஊசியைத் தொடாமல் யாரோ முள்ளை வைத்துப் பாடவிட்டிருக்கிறார்கள். முனையை ஒரு தீப்பெட்டியில் போட்டு மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அன்று பாட்டு இல்லை.

சந்தேகம் முதலில் என் மேல்தான் பாய்ந்தது. "மத்தியானத்துல நீங்க ரூம்லதான சார் இருக்கீங்க?" என்று தணிந்த குரலில் கேட்டார். ஆமாம் என்றேன். அவர் என் கையையே பார்த்தார். மையும் புகையிலையும் ஏறிய இந்தக் கை ஒரு தட்டைத் தொட்டிருந்தால் அதில் அடையாளம் இருந்திருக்கும் என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். என்னை விட்டுவிட்டார். அலமாரியின் இன்னொரு சாவி மாதா படத்துக்குப் பின்னால் இருக்கிறது. சனிக்கிழமைதோறும் ஸ்டூல் போட்டு அந்தப் படத்தைத் துடைப்பவள் சரசு. வெந்நீர் அடுப்புக்கு விறகு கொண்டுவருபவளும் சரசு. அந்த விறகு வேலமரம்.

அப்போதே நான் சொல்லியிருக்க வேண்டும். கேட் சத்தம் முதலில், பாட்டு பிறகு என்பது எனக்குத் தெரியும். ஆனால் சொன்னால் பிரிஜெட் அம்மாளைக் காட்டிக்கொடுத்தவன் ஆவேன். சொல்லாவிட்டால் சரசுவுக்கு வேலை போகும். அதே தெருவில் அவளுக்கு இன்னும் மூன்று வீடுகள். ஒரு வீட்டில் திருட்டுக் கையென்று பெயர் வாங்கினால் மறுநாளே மற்ற மூன்றும் கதவைச் சாத்தும். இதெல்லாம் தெரிந்தும் நான் அறை வாடகை குறைவு என்பதை நினைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். இப்போது எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சரசுவை வரச் சொல்லியிருந்தார். என்னையும் சாட்சிக்குக் கூப்பிட்டு உட்காரவைத்தார். பிரிஜெட் அம்மாள் வழக்கமான மூலையில் பூண்டோடு இருந்தார். மேஜைமேல் தீப்பெட்டி திறந்திருந்தது. எத்தனை தடவை திறந்தாய் என்பதை மட்டும் சொன்னால் போதும் என்று மில்லில் பேசுகிற குரலில் ஆரம்பித்தார்.

சரசு கூடையைக் கீழே வைக்கவில்லை. "படத்தத் தொடச்சது வாஸ்தவம். சாவி அங்க இருக்கறதயும் பாத்திருக்கேன். அந்தப் பெட்டிய நான் தொட்டதே இல்ல அய்யா. எனக்கு அதுக்குச் சாவி குடுக்கக்கூடத் தெரியாது."

"அப்ப இந்த முள்ளு யாருது?"

"ஜாலி மரத்தோடது," என்றாள் சரசு. வேலமரத்துக்குப் பெங்களூரில் அதுதான் பெயர்.

சின்னப்பாவின் முகம் சிவந்துவிட்டது. நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். அவள் வாசலைப் பார்த்துத் திரும்பினாள். நான் தொண்டையைச் செருமினேன்.

பிரிஜெட் அம்மாள் பூண்டுத் தட்டை இறக்கிவைத்துவிட்டு எழுந்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். தையல் மிஷின் இழுப்பறையிலிருந்து ஒரு சின்னத் தகர டப்பாவை எடுத்தார். அதில் ஒரே நீளத்துக்கு நறுக்கிய முட்கள் ஏழெட்டு இருந்தன. ஒன்றை எடுத்து, மேஜைமேல் இருந்த அதே தீப்பெட்டியின் மருந்துப் பக்கத்தில் நாலு தரம் உரசிக் கூராக்கினார். அலமாரியில் எட்டாவது அறைக்குக் கை போயிற்று. நம்பரைப் பார்க்காமலே ஒரு தட்டை உருவினார். விளிம்பில் மட்டும் விரல் படும்படி அவர் அதைப் பிடித்த விதத்தைச் சின்னப்பாவே குறை சொல்ல முடியாது. சாவி கொடுத்து, முள்ளைச் செருகி, இறக்கினார். அந்தத் தாலாட்டு மெதுவாகப் பாடியது. முடிந்ததும் முள்ளைத் தூக்கினார்.

"இது எங்கண்ணன் கோலார் தங்கவயல்ல வாங்கினது. கல்யாணத்துக்கு எனக்குக் குடுத்தது," என்றார் பிரிஜெட். "உங்களுக்கு எண்பத்தேழாம் நம்பரு. அண்ணன் தவறிப்போயி ஆறு வருஷம் ஆச்சு. உங்க முறைப்படி பாத்தா அதுக்கப்புறம் ரெண்டு தடவதான் நான் இதக் கேட்டிருக்கணும்."

பிறகு சரசுவைப் பார்த்து, "நான்தான் முள்ளு வெச்சேன், சரசு. நீ கொண்டாந்த வெறகுலருந்து எடுத்தேன்," என்றார். ஒரு வாரம் வாயைத் திறக்காமல் இருந்ததை நினைத்து அந்த அம்மாளின் கண் கலங்கியிருந்தது.

சின்னப்பா தட்டைக் கையில் எடுத்தார். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்து, பூதக்கண்ணாடியால் விளிம்பிலிருந்து நடு வரைக்கும் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. இரும்பு ஊசியைவிட முள் தட்டுக்கு நல்லது; அவருக்கும் தெரியும். உறையில் போட்டு எட்டாவது அறையில் நிறுத்தினார். அட்டையை எடுத்துப் பேனாவைத் திறந்தார். என்ன எழுதுவது என்று தெரியாமல் மூடிவிட்டார். சரசுவிடம் ஒரு வார்த்தை சொல்வார் என்று நான் எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. எனக்கு வந்த கோபத்தில் அவர் கிராமபோனைத் தூக்கிக் கிணற்றில் போட்டிருப்பேன். பாதிக் கோபம் என் மேல்தான். சரசு, "நான் வர்றேம்மா," என்று பிரிஜெட்டிடம் மட்டும் சொல்லிக்கொண்டு இறங்கிப் போனாள்.

திங்கட்கிழமை அவள் வரவில்லை. செவ்வாய்க்கிழமையும் வரவில்லை. பிரிஜெட் அம்மாளே குடையை எடுத்துக்கொண்டு ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கும் அவள் குடிசைக்குப் போய்விட்டு வந்தார். அங்கே என்ன பேசினார்கள் என்பது எனக்குத் தெரியாது. புதன்கிழமை காலையில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது.

ஏழு மணிக்குச் சின்னப்பா மில்லுக்குப் புறப்பட்டார். வாசலில் நான் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். சரசு வெளியே வந்தாள். நேரே அவர் முன் போய் நின்று கூடையை நீட்டினாள். வழக்கமாகப் பார்க்கும் எதிர்வீட்டுக் கூரையை அன்று அவள் பார்க்கவில்லை. அவர் முகத்தையே பார்த்தாள்.

சின்னப்பா கூடைக்குள் பார்க்கவில்லை. சைக்கிளைச் சுவரில் சாய்த்தார். அவள் எதிரில் வந்து நின்று, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் தூக்கினார்.

சரசுவுக்கு முதலில் புரியவில்லை. பிறகு கூடையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, ஒரு விரலால் அவர் சட்டைப்பையைத் தட்டிப் பார்த்தாள். உள்ளே ஏதோ கலகலத்தது. எடுத்தாள். அதே தீப்பெட்டி. திறந்தாள். விடியற்காலையில் பறித்த வேலமுட்கள், பிரிஜெட் அம்மாளின் டப்பாவில் இருந்ததுபோலவே ஒரே நீளத்துக்கு நறுக்கி, கூரெல்லாம் ஒரே பக்கம் பார்க்க அடுக்கியிருந்தன. அவர் விரல்களில் இரண்டு இடத்தில் ரத்தம் காய்ந்திருந்தது.

அவள் பெட்டியை மூடித் திரும்பவும் பைக்குள் போட்டாள். மில்லுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. கோவிந்தப்பா சொல்வதுபோல அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரட்டும் என்று, கையை இறக்காமல் அவர் நின்றுகொண்டிருந்தார்.