இன்வாய்ஸ் இல்லாத வாழைமரம்

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு சின்ன சரக்கு ஃபார்வர்டிங் ஆபீஸில் இறக்குமதிப் பெர்மிட் போடுவது என் வேலை. மலேசியாவின் ஜொகூரிலிருந்து லாரியில் எது வந்தாலும், அது கிளம்பும் முன்பே பெயரையும் எடையையும் கணினியில் ஏற்றிவிட வேண்டும். பேசக் கூச்சப்படும் எனக்குத் தோதான வேலை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, எல்லையிலுள்ள உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியிலிருந்து டிரைவர் குமரன் கூப்பிட்டார்.

“அக்கா, லாரிய ஓரங்கட்டிட்டாங்க. ரெண்டு வாழைமரம் பெர்மிட்ல இல்லையாம்.”

நான் ஏற்றியது வாழையிலை, மல்லிகை, வெற்றிலை மட்டும். தேக்கா வட்டாரத் துணிக்கடைக்காரர் ஒருவரின் மகளுக்கு மறுநாள் கல்யாணம். அத்தனையும் அதற்குத்தான்.

“மரம் எப்படி வந்துச்சு?”

“இலை குடுக்குற தோட்டக்காரர் சும்மா குடுத்தாரு அக்கா. எங்க பக்கம் கல்யாண ஆர்டர்னா வாசல்ல கட்ட அவரே வச்சிடுவாரு. காசு வாங்காததுக்கு ஏது இன்வாய்ஸ்?”

முந்தின நாள் தோட்டக்காரர் என்னிடம், “கல்யாணத்துக்கு வேண்டியதெல்லாம் ஏத்திட்டேம்மா” என்றிருந்தார். என்னென்ன என்று கேட்க எனக்குக் கூச்சம்.

குமரன் சும்மா இருக்கவில்லை. “ரெண்டு நாடும் ஒண்ணாகப் போவுதுன்னு காப்பிக் கடையில பேசிக்கிறாங்க. சீக்கிரம் ஆகட்டும் லா. அப்புறம் உங்களுக்குத்தான் வேலை இருக்காது.”

வேறு வழியில்லாமல் அதிகாரியிடம் ஃபோனைக் கொடுக்கச் சொன்னேன். தமிழர்தான். தப்பு என்னுடையது என்றேன்.

“இலையும் பூவும் போகட்டும்மா. மரத்த விட முடியாது. வேர்ல மண்ணு இருக்கு.”

அத்தோடு ஃபோனை வைத்திருக்கலாம். ஆனால் குமரன் சொன்னது மனதில் நின்றது.

“சார், ரெண்டு நாடும் ஒண்ணாயிட்டா இந்த மரம் வந்துடுமா?”

“வரி இருக்காது, பாஸ்போர்ட் இருக்காது. ஆனா செடியில நோய் இருந்தா ஒரே நாட்டுக்குள்ளயும் தோட்டம் விட்டுத் தோட்டம் போக விடமாட்டாங்க. அப்பவும் யாராவது லாரியில என்ன இருக்குன்னு கேப்பாங்க. உங்கள மாதிரி ஒருத்தர் சொல்லணும்.”

மத்தியானம் இலை தேக்கா வந்து சேர்ந்தது. துணிக்கடைக்காரர், “பந்தி நடக்கும்ல, அது போதும்” என்றார். பிறகு நானே தோட்டக்காரரைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். அவருக்கு வருத்தம்.

“கல்யாண வீட்டுக்கு வெறும் இலைய மட்டும் எப்படிம்மா அனுப்புறது?”

“குடுங்கண்ணே. என்ன குடுக்குறீங்கன்னு முதல்ல எனக்குச் சொல்லிடுங்க. வரக்கூடியதான்னு நான் பாத்துச் சொல்றேன்.”

இரு நாடுகளும் ஒன்றாகுமா என்று எனக்குத் தெரியாது. இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒன்று சொல்வேன்: விலை போட்ட சரக்கைப் பற்றி இன்வாய்ஸே சொல்லிவிடும். அன்பாகக் கொடுத்தது என்னவென்று நாம்தான் வாய்விட்டுக் கேட்க வேண்டும்.