குவைத்தில் அப்போது மணி ஒன்பதே முக்கால்

மூன்று வருஷத்துக்கு முந்திய புரட்டாசி மாதம். பசுவந்தனைப் பக்கம் எங்கள் ஊரில் மழையை நம்பிப் புழுதியில் உளுந்து விதைத்துக்கொண்டிருந்த நேரம். குவைத்தில் டிரைவராக இருந்த என் தம்பி, ஒரு செவ்வாய்க்கிழமை வேலைக்குக் கிளம்பும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவன் எழுந்திருக்கவே இல்லை. முப்பத்தெட்டு வயசு.

நான் கோவில்பட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் ஆசிரியை. குடும்பத்தில் படித்தவள் என்பதால் உடலைக் கொண்டுவரும் வேலை என்னிடம் வந்தது. கம்பெனி கேட்டது ஒரே ஒரு கடிதம். உடலை அனுப்பச் சம்மதம் என்று அவன் மனைவி நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டு, வியாழக்கிழமை அவர்கள் நேரப்படி மதியம் இரண்டு மணிக்குள் மெயிலில் போய்ச் சேரவேண்டும். சேர்ந்துவிட்டால் அன்றைக்கே மற்றதை முடித்து வெள்ளிக்கிழமை விமானத்தில் ஏற்றிவிடுவார்களாம். தவறினால் அங்கே வெள்ளியும் சனியும் விடுமுறை.

தம்பியை வெளிநாட்டுக்கு அனுப்பிவைத்த ஏஜென்ட்டுக்குப் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஆபீஸ். கம்பெனிக்காரர்களுக்குத் தன்னைத் தெரியும், கடிதம் தன் மூலமாகப் போனால்தான் மதிப்பு என்று அவர் சொல்லியிருந்தார். வியாழக்கிழமை காலை தம்பி மனைவி முதல் பஸ்ஸில் வந்துவிட்டாள். நோட்டரி வரத் தாமதமாகி, நாங்கள் கடிதத்தோடு ஏஜென்ட் முன்னால் போய் உட்கார்ந்தபோது மணி பன்னிரண்டேகால்.

அவர் கடிதத்தை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. சுவர்க் கடிகாரத்தைத்தான் பார்த்தார். "நமக்கும் அவியளுக்கும் ரெண்டரை மணி நேரம் வித்தியாசம்லா டீச்சர். அங்கன இப்ப ரெண்டே முக்கால் ஆயிருக்கும். ஆபீஸப் பூட்டிட்டுப் போயிருப்பாவ. இனி ஞாயித்துக்கிழமைதான்."

சரி அண்ணாச்சி என்று சொல்லிக் கடிதத்தை அவர் மேஜையில் வைத்துவிட்டு எழுந்தேன். என்னைப் பார்த்துத் தம்பி மனைவியும் எழுந்தாள்.

சாயங்காலம் தம்பியோடு ஒரே அறையில் தங்கியிருந்த மலையாளி ஒருவர் போன் செய்தார். கடிதம் வரும் வரும் என்று இரண்டு மணி வரை ஆபீஸ் வாசலிலேயே நின்றாராம். ஏன் அனுப்பவில்லை என்று கேட்டார். நேரம் தாண்டிவிட்டதே என்றேன். "இல்ல சேச்சி, இங்க இப்பதான் ரெண்டே முக்கால் ஆகுது" என்றார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்தேகால்.

கிழக்கே இருக்கும் ஊருக்கு நேரம் முந்தி, மேற்கே போகப்போகக் கழிக்க வேண்டும், ஒரு பாகைக்கு நாலு நிமிஷம் என்று வருஷா வருஷம் கரும்பலகையில் கோடு போட்டு நடத்துகிறவள் நான். நாங்கள் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது குவைத்தில் காலை ஒன்பதே முக்கால். நாலேகால் மணி நேரம் கையில் இருந்திருக்கிறது. உடனே ஏஜென்ட்டைக் கூப்பிட்டேன். அவர் போனை எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஆபீஸ் திறந்ததும் போய் நின்றேன். கடிதம் வைத்த இடத்திலேயே இருந்தது. அதன் மேல் டீ டம்ளர். நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் பதறுவார் என்று நினைத்தேன். வித்தியாசம் ரெண்டரை மணி என்று தான் சொன்னது சரிதானே, முன்னேயா பின்னேயா என்பதில்தானே தப்பு வந்தது என்றார். அப்புறம், "நாலு நாள் முன்னப்பின்ன ஆச்சுன்னா என்ன டீச்சர், போன உயிரா திரும்பி வரப்போவுது?"

என் வாழ்நாளில் யாரிடமும் நான் அப்படிக் கத்தியதில்லை. பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப்பார்த்தார்கள். உன் வீட்டு ஆள் அங்கே கிடந்தால் இப்படிப் பேசுவாயா என்று கேட்டேன். அவர் சத்தம் போடாமல் ஒன்றே ஒன்று சொன்னார். "நீங்களும் டீச்சர்தான. உக்காந்து கேட்டுட்டுத்தான போனீங்க."

கடிதத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையில் ஸ்கேன் எடுத்து நானே கம்பெனிக்கு மெயில் அனுப்பினேன். ஐந்து நிமிஷ வேலை. இதற்கு யாருடைய மதிப்பும் தேவைப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அங்கே ஆபீஸ் திறந்தார்கள். நோட்டரி முத்திரை தெளிவாக இல்லை, மறுபடி போட்டு அனுப்புங்கள் என்று பதில் வந்தது. அங்கே வேலை நாள், இங்கே நோட்டரி விடுமுறை. திங்கட்கிழமை முத்திரை வாங்கி அனுப்பி, உடல் திருவனந்தபுரம் வந்து இறங்கியது புதன்கிழமை. அத்தனை நாளும் பந்தல் போட்ட வீட்டில் என் அம்மா பச்சைத் தண்ணீர் தவிர வேறு எதையும் தொடவில்லை. புதூரிலிருந்தும் எப்போதும்வென்றானிலிருந்தும் வந்த சொந்தக்காரர்கள் காத்திருந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். தம்பி மனைவி காலையில் எழுந்ததும் என்னிடம் வந்து சொல்வது ஒன்றுதான். "அவிய அங்கன ஒத்தையில கெடக்காவளே மதினி."

பதினாறாம் நாள் கழிந்ததும் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தேன். "நீங்க சரின்னு எந்திரிச்சதாலதான் மதினி நானும் எந்திரிச்சேன்" என்றாள். அதில் குற்றச்சாட்டுகூட இல்லை. இருந்திருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அந்த ஏஜென்ட் இன்றைக்கும் அதே ஆபீஸில்தான் இருக்கிறார். பார்த்தால் வணக்கம் டீச்சர் என்கிறார், நான் பதில் சொல்வதில்லை. அவர் மேல் எனக்கிருக்கும் கோபம் ஆறவே இல்லை. ஆனால் ஒருவர் உறுதியான குரலில் சொல்கிறார் என்பதற்காக, எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைச் சொல்ல வாயைத் திறக்காமல் எழுந்து வந்தேனே, என் மேலேயே இருக்கும் கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்றுதான் இன்னும் தெரியவில்லை.