திருப்பிப் போட்ட பனியன்

எங்கள் ஊரில் எது தொடங்கினாலும் முதலில் பனியன் அடிப்பார்கள். கும்பாபிஷேகமா, கிரிக்கெட் போட்டியா, கட்சி மாநாடா, ரத்ததான முகாமா, ஆள் சேர்வதற்கு முன்னால் பனியனின் கலர் முடிவாகிவிடும். நாங்களும் அதையேதான் செய்தோம். அந்தப் பனியனை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. அடித்தவர் மேல் பாதி, என் மேல் பாதி.

திட்டம் எளிமையானது. காயலான் கடைக்குப் போக வேண்டிய பழைய வண்டிகளில் பதினாலு பேர் திருப்பூரிலிருந்து கன்னியாகுமரி வரை போய்வருவது, வழியில் ஊர் ஊராக நிறுத்தி உண்டியல் குலுக்குவது. பதினைந்து வயதுக்குக் குறைந்த வண்டி சேர்த்தி இல்லை. புது பைக்கில் பந்தாவாகப் போனால் எவன் காசு போடுவான், இந்த வண்டி அடுத்த ஊர் போய்ச் சேருமா என்று பரிதாபப்பட்டாவது போடுவான் என்பது எங்கள் கணக்கு. மெக்கானிக் நண்பன் ஒருவன், அவிநாசி ரோட்டில் பட்டறை வைத்திருப்பவன், ஒவ்வொரு வண்டியையும் சுற்றிவந்து பார்த்துவிட்டுச் சொன்னான்.

"ஏன்டா, இதெல்லாம் வண்டியா? பேரீச்சம்பழத்துக்குப் போட்டாக்கூட கொட்டையத்தான் குடுப்பான்."

சொல்லிவிட்டு ஒரு மாதம் ராப்பகலாக உட்கார்ந்து அத்தனையையும் ஓட வைத்தவனும் அவன்தான். கார்புரேட்டரைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்தான், செயினை மாற்றினான், ஒரு மொபெட்டின் சைலன்சரைக் கம்பி போட்டுக் கட்டினான். பேப்பர் வேலை என் தலையில் விழுந்தது. "படிச்சவன் நீயொருத்தன்தான், ஆர்டிஓ ஆபீசெல்லாம் நீ பாத்துக்க" என்றார்கள். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்த வேலை எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. எஃப்சி, இன்சூரன்ஸ், புகைச் சான்று எல்லாம் எடுத்தேன். எந்த ஊரில் எத்தனை மணிக்கு நிற்போம் என்று நோட்டீஸ் அடித்தேன். குறை சொல்ல முடியாத நோட்டீஸ்.

இவ்வளவும் எங்கள் காம்பவுண்டில் பக்கத்து ரூமில் இருந்த ஒரு அக்காவுக்காக. சொந்த அக்கா இல்லை. மதுரைக்குத் தெற்கே ஒரு கிராமத்திலிருந்து வந்து, தைத்த பனியனில் குறை பார்க்கிற செக்கிங்கில் வேலை பார்த்தவர். ஒருநாள் துணியை ரோலரில் விட்டு இஸ்திரி போடுகிற காலண்டரிங் யூனிட்டில் ஆள் குறைவு என்று இவரைக் கூப்பிட்டு ரோலர் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். பழக்கமில்லாத மெஷின். துணியோடு வலது கையும் உள்ளே போய்விட்டது. மணிக்கட்டுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். காண்ட்ராக்ட் ஆள் என்பதால் கம்பெனிப் பதிவேட்டில் அவர் பெயரே இல்லை. முதலாளி ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்தார், ஒரு பை ஆப்பிளும் கொடுத்தனுப்பினார். அதோடு முடிந்தது. அவருக்கு ஒரு செயற்கைக் கை வைக்கத்தான் எங்கள் உண்டியல்.

நாங்கள் திட்டத்தைச் சொன்னபோது அக்கா உடனே சரி சொல்லவில்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டு வந்து ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"எம்பேரு வரக்கூடாது. போட்டோ வரவே கூடாது. ஊருல யாருக்கும் இது தெரியாது தம்பி. தெரிஞ்சிச்சுன்னா எங்கண்ணன் வந்து கூட்டிட்டுப் போயிருவான். அப்புறம் ஆயுசுக்கும் மதினி அடுப்படிலதான் கெடக்கணும். கை வரட்டும். கையோட நானே போயி சொல்லிக்கிடுதேன்."

"சத்தியமா வராதுங்க்கா" என்றேன்.

வீட்டில் சண்டை போட்டுவிட்டுத் திருப்பூருக்கு வந்தவர் அவர். ரூம் அவருடையது, சம்பளம் அவருடையது. இரண்டையும் அவர் காப்பாற்றிக்கொண்டிருந்தார். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சத்தியம் செய்தேன்.

பனியனை யாரிடம் கேட்பது என்று பேச்சு வந்தபோது, கை போன யூனிட்டின் முதலாளியிடமே கேட்போம் என்று சொன்னவன் நான். அவராவது ஏதாவது செய்யட்டுமே என்ற ஆத்திரத்தில் சொன்னேன். ஒரு மெயில் எழுதினேன். நான் எக்ஸ்போர்ட் கம்பெனியில் வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர். அட்டாச்மென்ட் இல்லாத மெயிலை எங்கள் ஆபீஸில் ஒருவரும் மதிக்க மாட்டார்கள். அந்தப் பழக்கத்தில் டாக்டர் சான்றிதழையும், அக்கா நிற்கிற ஒரு போட்டோவையும் சேர்த்து அனுப்பினேன். கோயம்புத்தூரில் கை செய்கிறவரிடம் காட்டுவதற்காக மட்டும் என்று சொல்லி நான் எடுத்த போட்டோ அது. 'படத்தை எங்கும் பயன்படுத்த வேண்டாம்' என்று கீழே ஒரு வரி எழுதினேன். எழுதிவிட்டால் படிப்பார்கள் என்று நம்புகிறவன் நான்.

"குடுத்தரலாம் கண்ணு" என்று முதலாளியிடமிருந்து போன் வந்தது. அதற்குப் பிறகு நான் கேட்டிருக்க வேண்டிய ஒன்றைக் கேட்கவில்லை. சாம்பிள்.

இந்த ஊரில் சாம்பிள் காட்டாமல் ஒரு ஜட்டி கூட தைக்க மாட்டார்கள். கழுத்து லேபிள் கால் இஞ்ச் இறங்கியிருந்தால் போட்டோ எடுத்து, ஸ்கேல் வைத்து, டென்மார்க்கில் இருக்கிற பையருக்கு அனுப்பி, அவர் ஓகே சொன்ன பிறகுதான் மொத்த உருப்படியும் ஓடும். தினமும் இதைச் செய்து சம்பளம் வாங்குகிற நான், சும்மா கொடுக்கிற பனியன்தானே என்று விட்டுவிட்டேன். அங்கேயும் சாம்பிள் அடித்திருக்கிறார்கள். அது முதலாளி மேஜைக்குப் போயிருக்கிறது. அவர் ஓகே சொல்லியிருக்கிறார். யாருடைய முகமோ அந்த அக்காவைத் தவிர எல்லோரும் பார்த்தாயிற்று.

கிளம்புகிற அன்று காலை ஆறு மணிக்கு அட்டைப்பெட்டிகள் வந்தன. மெக்கானிக்தான் முதல் பனியனை உதறி விரித்தான். வெள்ளைத் துணி. நெஞ்சு முழுக்க அக்கா. இடது கையால் வலது முழங்கையைப் பிடித்தபடி, கேமராவைப் பார்க்காமல் நிற்கிறார். கீழே 'கை கொடுப்போம் வாங்க' என்று சிவப்பு எழுத்து. யோசித்தவனுக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கும்! முதுகில் கம்பெனி பெயர், நெஞ்சில் இருந்த எழுத்தைவிடப் பெரிதாக.

பச்சைக் கொடியோடு முதலாளி வந்து இறங்கினார்.

"என்ன கண்ணு, பிரிண்ட் நல்லா வந்துருக்குதல்ல?"

"ஏனுங்க, படம் போட வேண்டாம்னு எழுதியிருந்தனுங்களே."

"மொகந் தெரியாத ஆளுக்கு எவன் கண்ணு காசு போடுவான்? பாத்தா மனசு எளகோணும். உனக்கு வெவரம் பத்தல. போட்டுக்குங்க, போட்டுக்குங்க, நேரமாச்சு."

அவருடைய சாயப்பட்டறையில்தான் என் அப்பா வேலை செய்கிறார். அன்றும் கூட்டத்தில் ஓரமாக நின்றிருந்தார். நான் வாயைத் திறக்கப்போவது தெரிந்ததும் கண்ணாலேயே வேண்டாம் என்றார். படித்ததெல்லாம் எதற்கு என்று பின்னால் பலமுறை என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அந்த நிமிஷத்துக்குத்தான். அந்த நிமிஷத்தில் நான் பனியனை வாங்கித் தலை வழியாக மாட்டிக்கொண்டேன். பதினாலு பேரும் மாட்டினோம். வரிசையாக நின்றோம். போட்டோ எடுத்தார்கள். கொடி அசைந்தது.

கொடுவாய் தாண்டியதும் நான் வண்டியை ஓரங்கட்டினேன். "எல்லாரும் பனியனத் திருப்பிப் போடுங்க" என்றேன்.

"அவரு முன்னாடி நின்னப்ப இந்த வாயி எங்கீங்க போச்சு?" என்றான் மெக்கானிக். 'ங்க' போட்டுப் பேசினால் அவன் கோபமாக இருக்கிறான் என்று அர்த்தம். நான் முதலில் கழற்றித் திருப்பிப் போட்டேன். அவனும் கழற்றித் திருப்பிப் போட்டுக்கொண்டான். தையல் எல்லாம் வெளியே தெரிய, நூல் தொங்க, பதினாலு பேரும் தாராபுரம் போனோம்.

எங்கள் வண்டிகள் நாற்பதைத் தாண்டாது. போட்டோ எங்களுக்கு முன்னால் போய்விட்டது. கொடி அசைத்த படத்தையும் என் நோட்டீஸையும் சேர்த்து முதலாளியின் ஆபீஸில் எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் போட்டிருக்கிறார்கள். தெற்கத்தி ஆட்கள் திருப்பூரில் எத்தனை குரூப் வைத்திருக்கிறார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மறுநாள் மதியம், மதுரை தாண்டி ஒரு டீக்கடை. நோட்டீஸில் போட்டபடி சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். வேப்பமரத்தடியில் ஒருவர் காத்துக்கொண்டிருந்தார். நாற்பது வயது இருக்கும். கையில் போன்.

"இதுக்கு யாரு தலைவரு?"

"நாந்தாங்க."

போனில் இருந்த எங்கள் படத்தை, பனியன் முகத்தைக் காட்டினார். "இது எந்தங்கச்சி."

நான் சண்டையை எதிர்பார்த்தேன். அவர் அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"எப்பம் நடந்திச்சு?"

"எட்டு மாசம் ஆச்சுங்க."

"எட்டு மாசமாட்டு ஞாயித்துக்கெழம தவறாம போன்ல பேசுதா. மீன் கொழம்பு வச்சேங்கா. துணி தொவச்சேங்கா. எந்தக் கையால வச்சா?" போனை மடியில் கவிழ்த்து வைத்தார். "ஊருல எல்லாவனும் பாத்துட்டான். பலசரக்குக் கடைக்காரன் வந்து துக்கம் விசாரிக்கான். வீட்டுல உள்ளவன் நான் கடைசியாப் பாத்திருக்கேன்."

"மன்னிச்சிருங்க. படம் தெரியக் கூடாதுன்னுதான் திருப்பிப் போட்டிருக்கோம்" என்றேன்.

அவர் என் நெஞ்சைக் காட்டினார். "தெரியுதுல்லா."

குனிந்து பார்த்தேன். மெலிசான சிங்கிள் ஜெர்சி துணி. ரெண்டு நாள் வெயிலில் வியர்த்து உடம்போடு ஒட்டியிருந்தது. உள்ளே இருந்த முகம் நிழல் மாதிரி வெளியே வந்திருந்தது. துணியைத் தொட்டதும் எத்தனை ஜிஎஸ்எம் கனம் என்று சொல்லிவிடுவேன் நான். இது தெரியவில்லை எனக்கு.

அவர் அங்கிருந்தே வடக்கே போகிற பஸ்ஸில் ஏறினார். நான் அக்காவுக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் கேட்டார். ஒரு வார்த்தை திட்டவில்லை.

"எப்பம் ஏறுனான்?"

"இப்பத்தாங்க்கா."

"சரி, வையி."

திரும்பிப் போய்விடலாம் என்றேன். பாதிப் பேர் கூடாது என்றார்கள். உண்டியலில் காசு போட்ட சனத்துக்கு என்ன சொல்வது, கை முக்கியமில்லையா என்றார்கள். அவர்கள் சொன்னதில் தப்பில்லை. ஆனால் நான் போனது அதற்காக மட்டும் இல்லை. கன்னியாகுமரி வரை போய்ச் சேர்ந்தேன் என்று சொல்லிக்கொள்ளவும் எனக்கு ஆசை இருந்தது. கடல் முன்னால் எடுத்த படம் ஒன்று இருக்கிறது. அதில் நான் சிரிக்கிறேன். அந்தப் பல்லைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வருகிறது.

திரும்பி வந்தபோது அக்காவின் ரூம் பூட்டியிருந்தது. அண்ணனோடு போய்விட்டார் என்று காம்பவுண்டில் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துத்தான் போனை எடுத்தார்.

"அரைத் தையல் கோணலாப் போனா வெள்ளக்காரனுக்கு நூறு மெயிலு போடுவ. நானும் செக்கிங்லதான தம்பி இருந்தேன்? எங்கிட்ட ஒருவாட்டி காமிச்சியா?"

இல்லை என்றேன். வைத்துவிட்டார்.

முதலாளியின் ஆபீஸ் வரவேற்பறையில் கொடியசைத்த படத்தைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார்கள் என்று அப்பா சொன்னார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

உண்டியல் காசில் கை தயாராகிவிட்டது. அளவெல்லாம் பயணத்துக்கு முன்பே எடுத்தது. கோயம்புத்தூரிலிருந்து அதைச் செய்தவர் மூன்று முறை கூப்பிட்டார். "அந்தம்மாவ வரச் சொல்லுங்க தம்பி. நாள் போகப் போகத் தசை வத்தீரும், அளவு மாறிப்போகும், அப்பறம் புதுசாத்தான் பண்ணோணும்." அக்கா மறுபடியும் போனை எடுக்கவில்லை. கை செய்தவர் வரச் சொன்ன நாளும் மணியும் எழுதிய சீட்டோடு பஸ் ஏறி ஊருக்கே போனேன்.

அண்ணன்தான் வாசலில் இருந்தார். தண்ணீர் கொடுத்தார். விஷயத்தைச் சொன்னதும், "வேண்டாம் தம்பி" என்றார். "கைய மாட்டிக்கிட்டு திரும்பவும் அந்த மிசினுக்கா போகணும்? இங்க அவளுக்குச் சோத்துக்குக் குறையில்ல."

உள்ளே இருந்து அக்கா வந்தார். இடது கையில் கரி. மதினியின் அடுப்படிதான். என் கையில் இருந்த சீட்டைப் பார்த்தார்.

"அதக் கொண்டா."

கொடுத்தேன். நின்றபடியே இரண்டு முறை படித்தார்.

"செவ்வாக்கெழம போறேன்" என்றார்.

"நான் வந்து பஸ் ஸ்டாண்டுல நிக்கட்டுங்களாக்கா?"

"நீ வராத."

அது சரிதான். ஆனாலும் முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அக்கா சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போனார். அண்ணன் என் பக்கமாக வந்து குரலைத் தாழ்த்தினார்.

"எத்தன மணிக்கு வரச் சொல்லிருக்காவ? கை வச்சா அங்கயே தங்கணுமா? திருப்பூருக்குப் போற யோசனையில இருக்காளா, ஒங்கிட்ட ஏதும் சொன்னாளா?"

எனக்கு மணி தெரியும். மற்றதையும் ஊகிக்க முடியும்.

"எங்கிட்டக் கேக்காதீங்க" என்றேன். குரல் நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. "உள்ளதான் இருக்காங்க. அவங்களக் கேளுங்க."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். பேச்சுச் சத்தம் கேட்டது. என்ன பேசினார்கள் என்று கேட்க நான் அங்கே நிற்கவில்லை.