தேய்ந்த வால்

உடப்புசல்லாவைப் பக்கம் இரண்டு தேயிலை மலைகள் நெருங்கி நிற்கும் இடுக்கில் அந்த ஆறு ஓடுகிறது. ஆறு என்பது மரியாதைக்குச் சொல்வது. மழையில்லாத மாதங்களில் நாலே எட்டில் தாண்டிவிடலாம். ஆனாலும் யாரோ கீழேயிருந்து கூப்பிட்டதுபோல எந்நேரமும் அவசரத்தில் இருக்கும். நானும் ஏறக்குறைய அப்படித்தான். மின்சார மீட்டர் பார்ப்பது என் வேலை. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், லயம் லயமாக ஏறி இறங்கி, எண்ணைக் குறித்துக்கொண்டு, எந்த வாசலிலும் ஐந்து நிமிடம் நிற்காத பிழைப்பு. மனைவி குவைத்தில் ஒரு வீட்டில் சமைக்கிறாள். பிள்ளைகள் இல்லை. வாரத்தில் ஒரு நாள் நான் ஓரிடத்தில் நின்றேன் என்றால் அது ஞாயிற்றுக்கிழமை, அந்தத் தண்ணீரில், ஒருவர் பக்கத்தில்.

அவர் தேயிலை ஃபெக்டரியில் இயந்திரம் திருத்துபவர். என்னைவிட நாலு வயது மூத்தவர். நான் அண்ணே என்பேன், அவர் தம்பி என்பார். காலைப் பூசை முடிந்து, கோயிலுக்குப் போட்ட வெள்ளைச் சட்டையைக் கழற்றி மடித்துப் பையில் வைத்துவிட்டு வருவார். சேவல் இறகில் நாங்களே கட்டிய பொய்ப் பூச்சியைத் தூண்டிலில் கோத்து, மத்தியானம் வரை பெரிதாக ஒன்றும் பேசாமல் டிரவுட் பிடிப்போம். வெள்ளைக்காரர்கள் முட்டையாகக் கப்பலில் கொண்டுவந்து விட்ட மீன் அது. ஒரு காலத்தில் துரைமார் மட்டுமே பிடித்தது. இப்போது அனுமதிச் சீட்டு எடுத்தால் எங்களுக்கும் உண்டு.

அதில் இரண்டு வகையை நாங்கள் பிரித்து வைத்திருந்தோம். ஆற்றிலேயே முட்டையிட்டு ஆற்றிலேயே பிறந்தது ஆத்து மீன். குஞ்சு பொரிக்கும் பண்ணையில் சிமெந்துத் தொட்டியில் வளர்ந்து, லாரியில் வந்து ஆற்றில் கொட்டப்பட்டது தொட்டி மீன். தொட்டிச் சுவரில் உரசி உரசி அதன் நீந்துகிற செட்டைகள் மழுங்கியிருக்கும். பிடித்ததும் கையை நனைத்துக்கொண்டு, மீனை உள்ளங்கையில் கிடத்தி, செட்டையை விரித்துப் பார்ப்போம். மழுங்கியிருந்தால் வீட்டுக்கு. முழுசாக இருந்தால் திரும்பத் தண்ணீருக்கு. அவருடைய மனைவிக்கு இது தீராத வேடிக்கை. பிடித்ததை விடுவதற்கு எதற்கு ரெண்டு பேர் போகிறீர்கள், ஒருவர் போனால் போதாதா என்பார்.

லாரியில் குஞ்சு கொண்டுவந்து விடுவது தேவையா என்று நுவரெலியாவில் ஒரு ஹோட்டலின் பின்னறையில் ஒரு நாள் கூடிப் பேசினார்கள். சீட்டு வைத்திருக்கும் பதினைந்து இருபது பேர் இருந்தோம். ஹோட்டல்காரர்களுக்கு விருந்தாளிகள் கையில் மீன் மாட்ட வேண்டும். அண்ணன் மட்டும் எழுந்து வேண்டாம் என்றார். தொட்டி மீன் ஆளைக் கண்டால் ஓடுவதில்லை, தீனி போட வருகிறார்கள் என்று நினைத்துக் கிட்ட வருகிறது என்றார்.

"கிட்ட வர்றத எப்பிடிங்க புடிக்கிறது? விருந்துக்குக் கூப்புட்டு அடிக்கிற மாதிரி இருக்கு."

தொட்டி மீன் வந்தால், ஏற்கெனவே இருக்கிற ஆத்து மீனின் இடத்தையும் இரையையும் பிடுங்கிக்கொள்ளும் என்றும் சொன்னார். ஒருவர் சிரித்தபடி, ஆத்து மீனும் கப்பலில் வந்ததுதானே, அது மட்டும் எந்த ஊர்க்காரன் என்று கேட்டார். இவர் விடவில்லை.

"நம்ம தாத்தாமாரும் கப்பல்ல வந்தவங்கதான். அதுக்காக நேத்து லாரியில எறங்குனவன் நம்ம காம்பராவுல வந்து படுத்துக்கலாமா?"

அறை முழுக்கச் சிரித்தது. வாக்கெடுத்தபோது அவர் பக்கம் மூன்று கைகள். அதில் என் கை இல்லை. மேலே மரக்கறித் தோட்டங்களில் அடிக்கிற மருந்தெல்லாம் மழைக்கு ஆற்றில்தான் இறங்குகிறது. வருடத்துக்கு வருடம் மீன் குறைந்துகொண்டே வந்தது. மீனே இல்லாமல் போனால் ஞாயிற்றுக்கிழமை என்னவாகும் என்ற பயம் எனக்கு. அந்தப் பயத்தை அவரிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல், குஞ்சு விட வேண்டும் என்ற பக்கம் கையைத் தூக்கினேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவர் கோபப்படவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னார்.

"கை தூக்குறது ஒன் இஷ்டம் தம்பி. ஆனா முழுச் செட்டையோட ஒண்ணு ஒன் சட்டியில ஏறுச்சின்னா, அன்னைக்கோட நம்ம சேந்து போறது முடிஞ்சிச்சு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

மார்கழியில் ஒரு ஞாயிறு அவருக்கு ஃபெக்டரியில் அவசர வேலை. நான் தனியாகப் போனேன். முந்தின நாள்தான் மனைவி அழைத்து, வேலையை இன்னும் இரண்டு வருடத்துக்கு நீட்டிவிட்டதாகச் சொல்லியிருந்தாள். நான் சரி என்றேன். அவளும் சரி என்றாள். பிறகு இருவரும் இரண்டு நாட்டின் குளிரையும் வெயிலையும் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினோம். விடிந்ததும் எனக்கு எதையாவது வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும்போல இருந்தது. கதவைத் திறக்கும்போது கையில் ஒரு பாரம் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஆற்றில் ஓர் ஆழமான மடு உண்டு. அது முடிந்து தண்ணீர் மேலெழுந்து ஓடும் இடத்தில், பாசி பிடித்த கற்களுக்கு நடுவே, கழுவி வைத்ததுபோல வெளுத்த சிறு கற்கள் பரவிய ஒரு திட்டு தெரிந்தது. வழுக்காது என்று அதில் ஏறி நின்றேன். இரண்டாம் வீச்சிலேயே மீன் மாட்டியது. மெலிந்த, கறுத்த பெண் மீன். வாலின் கீழோரம் தேய்ந்து வெள்ளையாகக் கிழிந்திருந்தது. தொட்டி மீன் என்று வாய்விட்டுச் சொன்னேன். கேட்க யாரும் இல்லை. தலையைக் கல்லில் தட்டினேன். வயிற்றைக் கீறியபோது ஏழெட்டு முட்டைகள் தனித்தனியாக உருண்டு தண்ணீரோடு போயின. தொட்டி மீனுக்கும் முட்டை இருக்கும்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

மாலையில் அதை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கே போனேன். மூவரும் சாப்பிடலாம் என்ற ஆசை. அவர் குழாயடியில் பையைப் பிரித்து மீனை அலசினார். அலசிய கை நின்றது. பக்கச் செட்டைகளை ஒவ்வொன்றாக விரித்தார். ஒரு கீறல் இல்லாமல் விசிறிபோல விரிந்தன.

"வாலு எதுனால தேஞ்சிச்சுன்னு நெனச்ச?"

"தொட்டியில ஒரசி…"

"தொட்டியில ஒரசுனா இதுவும்ல தேஞ்சிருக்கும். முட்ட இருந்திச்சா?"

"ஏழெட்டு இருந்திச்சுண்ணே."

"அப்ப மிச்சத்தப் போட்டுருச்சு. வாலாலதான் கல்ல அடிச்சு ஒதுக்கிக் குழி பறிச்சிருக்கு."

குழாயை மூடினார். பிறகு, அவர் கேட்டுவிடக் கூடாதே என்று நான் அப்போதுதான் நினைக்கத் தொடங்கியிருந்த கேள்வியைக் கேட்டார்.

"எங்க நின்னீங்க?"

பல வருடத்தில் அவர் என்னை நீங்க என்றது அன்றுதான். வெளுத்த திட்டைச் சொன்னேன். கல்லைப் புரட்டி, முட்டையிட்டு, மூடி வைத்த இடம் அப்படித்தான் வெளுத்துத் தெரியும் என்பது எனக்கும் தெரிந்ததுதான். எத்தனையோ தடவை அப்படியொரு திட்டைக் கண்டு இருவரும் கரையேறிச் சுற்றிப் போயிருக்கிறோம். அன்று அது தெரியாமல் போனது எப்படி என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. விளங்குகிறது என்றும் தோன்றுகிறது.

அவர் மீனைப் பைக்குள் வைத்து என் கையில் தந்தார். கொண்டுபோய்ச் சாப்பிடுங்கள், வீணாக்க வேண்டாம் என்றார். உள்ளேயிருந்து அவர் மனைவி, எண்ணெய் காய்ந்துவிட்டது, மீன் எங்கே என்று கேட்டார். அவர் பதில் சொல்வதற்குள் நான் படியிறங்கிவிட்டேன். அன்றிரவு அதைப் பொரித்து முழுவதையும் நானே சாப்பிட்டேன். ருசியாக இருந்தது என்பதை எழுதாமல் விட்டால் பொய்யாகும்.

அடுத்த ஞாயிறு அவருக்கு முழங்கால் வலி. அதற்கடுத்த ஞாயிறும். மூன்றாம் வாரம் நான் கேட்கவில்லை. தூண்டிலை வீட்டில் வைத்துவிட்டு, நான் மட்டும் போய்வந்தேன். கரையில் உட்கார்ந்து அந்தத் திட்டைப் பார்ப்பேன். என் கால் பதிந்த இடம் எது, பதியாத இடம் எது என்று தண்ணீருக்கு மேலிருந்து தெரியாது. பனி இறங்கும், ஏறும். எதிர்மலையில் கொழுந்து எடுக்காத ஞாயிற்றுக்கிழமையின் வெறுமை. ஓரிடத்தில் இவ்வளவு நேரம் இருக்க என்னால் முடியும் என்பது எனக்கே புதிது.

மாசியில் குஞ்சு லாரி வந்தது. விரல் நீளக் குஞ்சுகள், பெரிய பிளாஸ்டிக் பீப்பாய்களில். வழக்கமாக அந்த மடுவில்தான் கொட்டுவார்கள். நான் போய், இங்கே வேண்டாம், பாலத்துக்குக் கீழே விடுங்கள் என்றேன். இடையில் ஆள் உயரப் பாறையிலிருந்து தண்ணீர் விழுகிறது, கீழே விட்டால் இவை ஏறி வர முடியாது. கூட்டத்தில் என்னோடு கை தூக்கிய ஹோட்டல்காரர் ஒருவர் நின்றார்.

"நீங்கதானே வேணும்னு சொன்னீங்க?"

"சொன்னேன். இங்க வேணாம்."

"ஏன்?"

ஏனென்று சொன்னேன், அந்தக் கற்களுக்கடியில் முட்டை மிச்சமிருக்கலாம் என்றேன். கொன்றதையும் மிதித்ததையும் லாரிக்காரர்கள் முன்னாலேயே சொன்னேன். ஒருவன் சிங்களத்தில் ஏதோ சொல்ல, மற்றவன் சிரித்தான். ஹோட்டல்காரர் சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டுப் பாலத்தடிக்குப் போகச் சொன்னார்.

அதற்கு இரண்டு வாரம் கழித்து, கரையோரம் தண்ணீர் வேகம் தணிந்து ஓடும் ஒரு மூலையில் கண்டேன். முதலில் தூசு என்று நினைத்தேன். தூசுக்கு நிழல் விழாது. ஊசி அளவுகூட இல்லாத குஞ்சுகள், கண்ணே உடம்பாக, ஓட்டத்தை எதிர்த்து ஒரே இடத்தில் நீந்திக்கொண்டிருந்தன. பத்தோ பன்னிரண்டோ. நூற்றுக்கணக்கில் இருந்திருக்க வேண்டியவை.

அவருக்கு ஃபோன் போட்டேன். எடுத்தார். சொன்னேன். ஃபெக்டரி இரைச்சலுக்கு மேலாகக் கேட்டார்.

"எத்தன?"

"ஒரு பத்துப் பன்னெண்டு இருக்கும்ண்ணே."

"சரி."

வருகிறேன் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். வாருங்கள் என்று நானாகவும் கேட்கவில்லை. அதைக் கேட்டால், அதற்காகவே இதைச் சொன்னதுபோல ஆகிவிடும்.

"கரையிலயே நில்லுங்க," என்றார். "தண்ணியில எறங்கிறாதீங்க."

இறங்கவில்லை. வீடு திரும்பும் பஸ் வரும் நேரம் வரை அங்கேயே நின்றேன்.