குணம் அண்ணையின் கும்பாபிஷேகம்

செய்தி வந்தபோது நான் தொழிற்சாலையில், காலைத் தேநீருக்காக வெள்ளைத் தொப்பியைக் கழற்றிக்கொண்டிருந்தேன். சுவிஸின் லா ஷோ-து-ஃபோன் நகரில் கைக்கடிகார உறைகளுக்கு மெருகிடும் வேலை எனக்கு. உள்ளே கைத்தொலைபேசி கொண்டுபோக விடமாட்டார்கள். பெட்டகத்தைத் திறந்து பார்த்தால் மனைவி ரஞ்சி பலமுறை அழைத்திருந்தாள். திருப்பி எடுத்தேன்.

"குணம் அத்தான் போயிட்டாரப்பா," என்றாள். "ஹோட்டல்ல காலமைச் சாப்பாடு குடுத்து முடிச்சிட்டு கதிரையில இருந்தவராம். அப்பிடியே..."

பிறகு அவளால் கதைக்க முடியவில்லை. யன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: இனி அந்த ஃபில்டரை யார் மாற்றுவது? ஒரு மனிதர் இறந்த செய்திக்கு இது என்ன யோசனை என்று அவரைத் தெரியாதவர்கள் நினைக்கலாம். தெரிந்தவர்களுக்கு விளங்கும். தெரியாதவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

குணநாதன் எனக்குச் சகலன். ரஞ்சியின் அக்கா வசந்தியை மணந்தவர். யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து, துன் நகரில் ஏரியைப் பார்த்தபடி நிற்கும் ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவத் தொடங்கி, பிற்காலத்தில் அங்கே காலைச் சாப்பாடு முழுவதற்கும் பொறுப்பாக இருந்தார். நெடிய உருவம். குரல் மட்டும் மெல்லியது. ரயில் நேரம் தவறாத இந்த நாட்டில், ரயில் முந்திக்கொண்டு போய்விடும் என்று பயந்து வெகு முன்னரே மேடையில் போய் நிற்பவர். பிளாஸ்டிக் பைகளை முக்கோணமாக மடித்து அலுமாரியில் அடுக்கி வைப்பவர். எந்தப் பொருளையும் சந்தேகத்தோடுதான் வீட்டுக்குள் விடுவார்.

நாங்கள் இருவரும் சந்தித்தால் வாய்ச்சண்டை கொழுவாமல் பிரிந்ததில்லை. நான் பிரெஞ்சு பேசும் பக்கத்தில் இருப்பது அவருக்கு வாய்க்கு அவல். "உங்கட ஆக்கள் தேத்தண்ணி குடிச்சு முடிக்கிறதுக்குள்ள எங்கட ஆக்கள் ஒரு பாலம் கட்டிப்போடுவினம்," என்பார். எங்கட ஆக்கள் என்று அவர் சொன்னது ஜெர்மன் பேசும் சுவிஸ்காரரை. அவருடைய ஜெர்மனைக் கேட்டால் அந்த ஆக்கள் என்ன நினைப்பார்கள் என்று நானும் திருப்பிக் கேட்பேன். இரண்டு சகோதரிகளும் சமையலறையில் இருந்து சிரிப்பார்கள்.

மகள் துளசி பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய காலத்தில் அவர்கள் புதுத் தொடர்மாடிக் கட்டடம் ஒன்றில் ஒரு வீட்டுக்குக் குடிபோனார்கள். பால் காய்ச்சிய அன்று நாங்களும் போயிருந்தோம். யன்னலைத் திறக்காமலே உள்ளே நல்ல காற்று வரும் வகை வீடு அது. கூரையோரம் சின்னச் சின்னத் துவாரங்கள் வைத்த மூடிகள். ஒரு பெரிய வெள்ளைப் பெட்டி வெளிக்காற்றை இழுத்து, ஃபில்டரில் வடித்து, அந்த மூடிகள் வழியாக அறைகளுக்கு அனுப்பும். பழைய காற்றை வேறு மூடிகள் வழியாக வெளியே தள்ளும். பெட்டி பொருத்தியிருந்தது வாசலுக்குப் பக்கத்துச் சாமான் அறையில். சாமான் அறையை எங்கள் ஆட்கள் என்ன செய்வார்கள் என்று சொல்லத் தேவையில்லை. அது சாமியறை ஆகிவிட்டது. பெட்டிக்கு நேர் கீழே தட்டு அடித்து, பிள்ளையாரையும் முருகனையும் இலட்சுமியையும் வைத்தார்கள்.

குணம் அண்ணைக்கு அந்த மூடிகளைப் பார்த்தவுடன் பிடிக்கவில்லை. கையை உயர்த்திப் பிடித்துப் பார்த்துவிட்டு, "பூட்டின வீட்டுக்குள்ள காத்து வருதெண்டால் எங்கயோ பிழையிருக்கு," என்றார். வசந்தி மச்சாளுக்கு வேறு கவலை. மிளகாய்த் தூள் வறுக்கிற மணம் அந்தத் துவாரங்களால் மேல்மாடிச் சுவிஸ் அம்மாவின் வீட்டுக்குப் போய், அவ முறைப்பாடு சொல்லிவிட்டால்? அடுத்த சனிக்கிழமையே அண்ணை ஏணி வைத்து எல்லா மூடிகளையும் அகலமான வெள்ளை ஒட்டுநாடாவால் ஒட்டினார். ஓரம் பிசகாமல், சுவரோடு சுவராகத் தெரியும்படி ஒட்டியிருந்தார். வந்து பார்த்தவர்கள் எல்லோரும் மெச்சினோம்.

சில மாதங்களில் அந்தப் பெட்டியில் ஒரு சிவப்பு வெளிச்சம் எரியத் தொடங்கியது. பிள்ளையாரின் தலைக்கு மேலே, அணையாமல். மச்சாளுக்கு அது நல்ல சகுனமாகப் பட்டது. வந்தவர்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினா. நானும் கும்பிட்டிருக்கிறேன்.

அந்த மாரிக் குளிரில்தான் மச்சாளுக்கு மூச்சிழுப்புத் தொடங்கியது. யன்னல் கண்ணாடியில் நீர் வழிந்தது. அலுமாரிக்குப் பின்னால் சுவர் கறுத்தது. துன் குளிர்தான் காரணம் என்றார்கள் சிலர். புது வீட்டுக்குப் பட்ட கண்ணூறு, நாவூறு என்றாள் என் மனைவி. சொன்னதோடு நிற்கவில்லை. செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்து அக்காவைச் சுற்றி, அடுப்பில் சட்டியை வைத்து அதில் போட்டாள். ஒரு துவாரமும் இல்லாத வீடு. நாங்கள் எல்லோரும் இருமினோம். மச்சாள் மட்டும் இருமவில்லை. அவவால் இருமக்கூட முடியவில்லை. உதடு நீலமாகி, சுவரைப் பிடித்தபடி கீழே இருந்துவிட்டா. அம்புலன்ஸ் வந்து கொண்டுபோனது.

ஆஸ்பத்திரியில் மருத்துவர் முதலில் கேட்டது வீட்டைப் பற்றி. மறுநாள், கட்டடத்தைப் பராமரிக்கும் ஹவுஸ்வார்ட் வந்தார். மேலே பார்த்தார். நகத்தால் நாடாவைச் சுரண்டி இழுத்தார். நீளமாக உரிந்து வந்தது. சாமியறைக்குள் போய்ப் பெட்டியைத் திறந்து ஃபில்டரை வெளியே எடுத்தார். தோசைக்கல்லின் அடிப்புறம் போலக் கறுத்திருந்தது. சிவப்பு வெளிச்சம் அதை மாற்றச் சொல்லித்தான் எரிகிறது என்று பொறுமையாக விளக்கினார். யார் நாடா ஒட்டியது என்று கேட்டார். அண்ணை தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

அவர் போன பிறகு அண்ணை உரித்த நாடாவை உருட்டிக் கையில் வைத்தபடி இருந்தார். "தம்பி, என்ர கையாலதான் ஒட்டினது," என்றார். "அவளின்ர மூச்சை நான்தான் ஒட்டினனான்." அவர் அழுததை நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

அதற்குப் பிறகு அந்த ஃபில்டரை வேறு ஒருவரும் தொடக்கூடாது. ஹவுஸ்வார்ட் மாற்றித் தருகிறேன் என்றாலும் சம்மதிக்கமாட்டார். பெட்டி சாமிக்கு மேலே இருப்பதால் அதற்கென்று ஒரு முறையையும் அவராகவே உண்டாக்கினார். மாற்றுகிற அன்றைக்கு மீன், இறைச்சி என்று மச்சம் ஒன்றும் இல்லை. தலையில் தண்ணீர் வார்த்து, வேட்டி கட்டி, முதலில் பிள்ளையாரைத் தூக்கிச் சாப்பாட்டு மேசையில் வைப்பார். "கொஞ்ச நேரம் இதில இருங்கோ, கோவிக்காதேங்கோ," என்று அவரிடமே சொல்லுவார். பிறகு ஸ்டூலில் ஏறிப் பழைய ஃபில்டரை உருவி, மடித்து வைத்த பை ஒன்றில் போட்டுக் கட்டி, புதியதைச் செருகுவார். அதன் ஓரத்தில் காற்றுப் போகும் திசையைக் காட்டும் அம்புக்குறி இருக்கும். அதை விரலால் தடவிப் பார்த்து, உரத்துச் சொல்லியபடிதான் உள்ளே தள்ளுவார். பொத்தானை அழுத்தியதும் வெளிச்சம் பச்சையாகும்.

இந்தக் கூத்தை முதன்முறை பார்த்த அன்று நான், "அண்ணை, அடுத்த கும்பாபிஷேகம் எப்ப?" என்று கேட்டேன். கோபிப்பார் என்று நினைத்தேன். அவருக்கு அந்தச் சொல் பிடித்துவிட்டது. அன்றுமுதல் ஒவ்வொரு தடவையும் ஃபில்டர் மாற்றியதும் எனக்கு அழைப்பு வரும். நலம் விசாரிப்பு ஒன்றும் இருக்காது. "தம்பி, கும்பாபிஷேகம் முடிஞ்சுது." நான், "பிரசாதம்?" என்பேன். "இஞ்ச வாரும், மச்சாள் தோசை சுடுறா," என்பார்.

இன்னொன்றும் செய்தார். ஹோலில் இருந்த மூடியில் மச்சாளின் தையல் பெட்டியிலிருந்து எடுத்த நூல் ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டார். காற்று வந்தால் நூல் மெல்ல ஆடும். தன் கதிரையில் இருந்தபடியே அதைப் பார்ப்பார். தொலைக்காட்சியில் எவ்வளவு முக்கியமான செய்தி போனாலும் இடையில் கண் மேலே போய்விட்டு வரும். புதிதாக வருகிறவர்கள் ஒட்டடை என்று நினைத்துத் தட்டப் போவார்கள். அண்ணை பதறி எழும்புவார். மச்சாள் பழையபடி தூள் வறுத்தா, சாம்பிராணி போட்டா, மூச்சுக்குக் குறை வரவில்லை.

செத்தவீடு முடிந்து சில நாட்களின் பின் நான் துன்னுக்குப் போனேன். அவருடைய கதிரைக்குப் பக்கத்தில் படம் வைத்து விளக்கு ஏற்றியிருந்தார்கள். வருகிறவர்கள் எல்லோரும் ஊதுபத்தி கொளுத்தினார்கள். யன்னலைத் திறந்தால் ஏரிக்காற்றுக்கு விளக்கு அணைந்துவிடும் என்று பூட்டியிருந்தது. மச்சாள் பாயில் இருந்தா. அவவின் மூச்சில் அந்தப் பழைய விசில் சத்தம் கேட்டது. நான் நிமிர்ந்து பார்த்தேன். நூல் ஆடவில்லை.

"மச்சாள், பெட்டியைப் பாத்தனீங்களோ?"

"சாமியறை பூட்டியிருக்கு," என்றா. "செத்தவீட்டுத் துடக்கெல்லே. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியத்தான் திறக்கலாம்."

துளசி இப்போது பேர்ண் நகரில் படிக்கிறாள். அவளுக்குப் பொறுக்கவில்லை. "அம்மா, உங்களுக்கு மூச்சு முக்கியமோ துடக்கு முக்கியமோ? நான் ஹவுஸ்வார்ட்டுக்கு ஃபோன் அடிக்கிறன்."

அண்ணையின் ஒன்றுவிட்ட அக்கா ஒருவர் சுவரோரம் இருந்தா. "பிள்ளை, முப்பத்தொண்டு வரைக்கும் பொறுக்கேலாதோ? சாமிக் காரியம்," என்றா. அவவும் தம்பியைப் பறிகொடுத்தவதான். அவவோடு யார் வாதாடுவது?

இரத்த உரித்து இல்லாத எனக்கு அந்தத் துடக்கு, தீட்டு ஒன்றும் இல்லை, பெண்ணெடுத்த முறைதானே. நான் குளித்துவிட்டுத் திறக்கிறேன் என்றேன். மச்சாள் பாயின் ஓரத்தை நெருடினா. ஃபில்டரை மாற்றினால் அவர் கடைசியாக வைத்தது போய்விடும். அந்தத் தயக்கம் துடக்கைவிடப் பெரிது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. நெஞ்சு ஏறி இறங்க, அவ படத்தைப் பார்த்தா.

"இவர் என்ர மூச்சுக்காகத்தானே இவ்வளவு பாடும் பட்டவர்," என்றா. "நீங்கள் பிள்ளையாரைத் தூக்குங்கோ. நான் சாமியைத் தொடமாட்டன். பெட்டியைத் தொடுறன்."

சுவரோரம் இருந்த அக்கா எழுந்து போய் ஸ்டூலைக் கொண்டுவந்து வைத்தா.

நான் குளித்துவிட்டு வந்து கதவைத் திறந்தேன். இருட்டில் அந்தச் சிவப்பு வெளிச்சம். பிள்ளையாரைத் தூக்கிச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். கோவிக்காதேங்கோ என்று என்னையறியாமல் சொன்னேன். துளசி தாயின் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். மச்சாள் ஸ்டூலில் ஏறிப் பழைய ஃபில்டரை உருவினா. வறுத்த தூளும் சாம்பிராணியும் கலந்த மணம் இறங்கியது. அந்த வீட்டில் அவர் இருந்த காலத்தின் மணம். மச்சாள் அதைச் சற்று நேரம் கையில் பிடித்திருந்தா. பிறகு அவர் மடித்துவைத்த பையொன்றை விரிக்கச் சொல்லி, தானே அதற்குள் போட்டுக் கட்டினா. அவர் வாங்கி வைத்திருந்த புதியதன் ஓரத்தை விரலால் தடவி, "அம்பு உள்ளுக்கு," என்று உரத்துச் சொன்னா. இத்தனை காலமும் கீழே நின்று பார்த்தவ அல்லவா?

பொத்தானை அழுத்தினா. பச்சை வந்தது.

நாங்கள் ஹோலுக்கு வந்து நின்றோம். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு நூலின் நுனி அசைந்தது. கதிரைக்கு மேலே, படத்துக்கு மேலே, மெல்ல ஆடத் தொடங்கியது. மச்சாள் கதிரையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு மூச்சை நன்றாக உள்ளே இழுத்து விட்டா.

இந்த முறை அழைப்பு எடுக்க வேண்டியவன் நான். குணம் அண்ணை, கும்பாபிஷேகம் முடிஞ்சுது. மச்சாளின்ர கையால. நீங்கள் யோசியாமல் போயிட்டு வாங்கோ.